தாய்மாமன் மடியில் இரண்டாவது கீப்பர்

நனைந்த கையுறைக்கு ஒரு வாசனை உண்டு. ரப்பர், வியர்வை, புல், எச்சில் எல்லாம் ஒன்றாக ஊறி, பாதி காய்ந்து பாதி காயாமல் கிடக்கும் வாசனை. வெளியாட்கள் அதை நாற்றம் என்பார்கள். போன வாரம் உங்கள் உடைமாற்றும் அறைக்குள் கால் வைத்ததும் அதுதான் முதலில் வந்து என் மூக்கைப் பிடித்தது. பிறகுதான் ஜன்னல்களைப் பார்த்தேன். வெயில் ஒரே ஒரு ஜன்னலில்தான் விழுந்தது. ஆனால் இரண்டு ஜோடிக் கையுறைகளும் இரண்டு ஜன்னல்களில் தொங்கின. ஒன்று வெயிலில், ஒன்று நிழலில்.

உங்கள் அணியின் கோல்கீப்பர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தம்பிகளா, உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். பந்தை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்கள் செல்போனில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை நான் ஒரு ஆளின் மடியில் உட்கார்ந்த கதையை மட்டும் சொல்கிறேன்.

முன்னால் ஆடுகிறவனுக்கு ஆட்டத்தில் பல வீடுகள். வலப்பக்கம் இடமில்லையென்றால் இடப்பக்கம் குடியேறலாம், அதுவும் இல்லையென்றால் நடுவில் ஒண்டிக்கொள்ளலாம். கீப்பருக்கு ஒரே வீடு, மூன்று கம்பம், அதில் ஒருவன்தான் குடியிருக்க முடியும். இரண்டாவது கீப்பர் வாசலில் நிற்கிறவன். மழை வராத நாளில் கொண்டுவந்த குடை மாதிரி எல்லோரும் அவனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

நான் அப்படிச் சாய்ந்திருந்தேன், சில வருடங்கள். சேதராப்பட்டில் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு முதலாளியின் அணி அது. காலையில் பயிற்சி, பகலில் பேக்கிங் பிரிவில் பெயருக்கு ஒரு வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். முதல் கீப்பர் கனகசெட்டிக்குளத்துக்காரர், கடலுக்குப் போகிற குடும்பம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வண்டியேறி வந்து சண்டை போடுவார். அண்ணன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் நின்றால் கோல் வாயில் பாதி மறைந்துவிடும். கையை விரித்தால் மீதியும் மறையும்.

தினமும் நான் அவருக்குப் பந்து அடிப்பேன். வலது மூலை, இடது மூலை, தலைக்கு மேல், தரையோடு. நான் நன்றாக அடிக்க அடிக்க அவர் நன்றாகப் பிடிப்பார். அவர் நன்றாகப் பிடிக்கப் பிடிக்க நான் இன்னும் கொஞ்சம் பெஞ்சுக்குள் புதைவேன். என் கல்லறையை நானே, ஒவ்வொரு உதையாக, காலால் தோண்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே வேண்டிக்கொண்டேன். அவருக்குக் கேடு வரவேண்டும் என்றல்ல. சின்னதாக ஒரு காய்ச்சல். ஆட்டம் தொடங்கும்போது வந்து, ஆட்டம் முடிந்ததும் போய்விடுகிற, பண்புள்ள ஒரு காய்ச்சல். வரவில்லை. ஒருமுறை எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் அண்ணனின் தாடையில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போனது முழங்கால்தான்.

இப்படியிருக்க, அந்த வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முதலாளியின் மச்சான் அவர். மேனேஜரும் அவரே, கோச்சும் அவரே.

"அடுத்த வருஷம் ஒரு கீப்பருக்குத்தான் எடம். மொதலாளி சொல்லிட்டாரு. இன்னொருத்தரு வேணும்னா பேக்கிங்ல ஷிஃப்ட் பாக்கட்டும்னாரு."

"யாரு சார் அந்த ஒருத்தரு?"

"நீ இன்னும் ஒரு மேட்ச்சுகூட ஆடலயே தம்பி. ஒன்ன எத வச்சி எடை போடறது?"

"எறக்கிப் பாருங்க சார்."

"அவன் நல்லாத்தான இருக்கான்? அவன உட்டுட்டு ஒன்ன எப்படி எறக்கறது?"

வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தேன். ஒரு ஆட்டம் மிச்சம். அதில் எனக்கு இடம் கிடைத்தால் நான் கீப்பர். கிடைக்காவிட்டால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவன். அண்ணனிடமும் இதையே சொல்லியிருந்தார்கள். அவருக்கு வயதாகிக்கொண்டிருந்தது, அவர் ஒரே ஒரு ஆட்டம் சறுக்கினாலும் முதலாளியின் கண் இளையவன் பக்கம் திரும்பும் என்று அவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தை மட்டும் ஒருவருக்கொருவர் கொஞ்சம் பலமாக அடித்துக்கொண்டோம்.

அப்போதுதான் அண்ணனின் தங்கை ஸ்கூட்டியில் மைதானத்துக்குள்ளேயே வந்து இறங்கினார்.

"அண்ணே, பாப்பாவுக்கு மொட்ட போட்டு காது குத்தறோம். ஞாயித்துக்கெழம காலயில, ஏழரையிலேந்து எட்டரைக்குள்ள. ஜோசியர் குறிச்சிக் குடுத்துட்டாரு."

"ஞாயித்துக்கெழம ஏழரைக்கு எனக்கு ஃபைனல்டி!"

"ஃபைனல் வருஷா வருஷம் வரும். எம் பொண்ணுக்குக் காது ரெண்டுதான்."

"தேதிய மாத்தச் சொல்லு."

"மாமனார் ஊட்ல வாயத் தொறந்து வச்சிகினு ஒக்காந்திருக்காங்க. தாய்மாமன் வரலன்னா அந்த வாயி எம் பொண்ணு கல்யாணம் வரிக்கும் மூடாது. உன் மடியில ஒக்காராம அவ காதுல ஊசி படாது. சொல்லிட்டேன்."

தம்பிகளா, என் நெஞ்சுக்குள் மேளம் நாதஸ்வரம் எல்லாம் சேர்ந்து ஒலித்தது. காய்ச்சலுக்கு வேண்டிக்கொண்டவனுக்குக் கடவுள் காதுகுத்தை அனுப்பியிருந்தார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னேன்:

"அக்கா சொல்றதும் நியாயந்தாண்ணே. தாய்மாமன் இல்லாம எப்படி?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ போயி அந்தப் பால எடுத்தாடா."

நான் பந்தை எடுத்துவந்தபோது அக்கா இடுப்பில் கைவைத்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், மதிலை ஒட்டி, வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில். பந்து பட்டுப் பட்டு அதன் சுவரெல்லாம் வட்ட வட்டமாகச் சேறு.

"ஆட்டத்துக்கு நடுவுல கொஞ்ச நேரம் உடுவாங்கல்ல?"

"ஹாஃப் டைமா? எட்டே கால் வாக்குல உடுவாங்க."

"போதும்," என்றார் அக்கா. "பிள்ளையாரு எல்லா ஊர்லயும் ஒரே பிள்ளையாருதான்."

என் மேளம் நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மைதான வாசலில் ஒரு டாடா ஏஸ் நின்றது. சீர்த் தட்டுகள், வாழைத்தார், பிரியாணி அண்டா, சுருட்டிய பாய்கள், அவற்றின் மேல் உறவினர்கள். எதிரணிக்காரர்கள் எங்களுக்கு இவ்வளவு ரசிகர்களா என்று மிரண்டுபோனார்கள். புள்ளிக் கணக்கில் நாங்கள் முன்னால் இருந்ததால் எங்களுக்குச் சமநிலை போதும், கோப்பை எங்களுக்கு. அவர்களுக்கு ஜெயித்தே ஆகவேண்டும்.

முதல் பாதியில் அண்ணனுக்கு எதிர்ப்பக்கக் கோல். அவர் அங்கே பாய்ந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் பிள்ளையாருக்கு முன்னால் பாப்பாவுக்கு மொட்டை நடந்தது. அவளுடைய அழுகையில் லைன்ஸ்மேன் இரண்டு முறை கொடியைத் தவறாகத் தூக்கினார். வேலையற்றவன் நான் ஒருவன்தானே? போய் அவள் முன்னால் குந்தி, விரல் நுனியில் பந்தைச் சுற்றிக் காட்டினேன். அழுகை நின்றது. பந்தைத் தலையில் வைத்தேன், சிரித்தாள். மூக்கில் வைத்தேன், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பருவம் முழுக்க நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

ஆட்டம் இழுத்தது. இரண்டு முறை பந்து மதிலைத் தாண்டிப் போய்விட்டது. அக்காவின் மாமனார், கையில் கடிகாரத்தோடு, கோடு வரைக்கும் போய்விட்டார்.

"இன்னும் எவ்ளோ நேரம் சார் இழுப்பீங்க? நல்ல நேரம் போவுது."

ரெஃப்ரி பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாத்தியார். கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் விரட்டுவார். "அலே, அலே! கோட்டுக்கு அந்தாண்ட போங்க பெரியவரே!"

ஒருவழியாக விசில். யாரும் கோல் போடவில்லை. அண்ணன் தன் கோலிலிருந்து பிள்ளையார் வரைக்கும், மைதானத்தின் முழு நீளத்தையும், பந்தில்லாமல் ஓடி வந்தார். வந்த வேகத்தில் மணையில் உட்கார்ந்து, சேறு அப்பிய பெரிய கையுறைகளோடு இரண்டு கைகளையும் நீட்டி, "வாடி என் ராசாத்தி!" என்றார்.

பாப்பா அவரைப் பார்த்தாள். கண் கூசும் பச்சைச் சட்டை. புருவத்தில் சேறு. கை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு தலையணைகள். அவள் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பிப் போயின.

கையுறையைக் கழற்றினார். முகத்தைத் துடைத்தார். "மாமன்டி, மாமன்" என்று கெஞ்சினார். அவள் என் கழுத்தை விடவில்லை. பிரித்தெடுக்கப் பார்த்தால் என் காது கையோடு வந்துவிடும் போலிருந்தது.

"புள்ள அசையாம இருந்தாத்தான் ஊசிய எடுப்பேன்," என்றார் காது குத்த வந்த ஆசாரி. "இந்தத் தம்பி மடியிலயே இருக்கட்டுமே."

"அதெப்படி?" மாமனார் முன்னால் வந்தார். "யாரு மடியில ஒக்காருதோ அவந்தான் மாமன். நாளைக்கி சீரு செய்ய இவன் வருவானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், தன் அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, நீ அப்படியே சம்மணம் போட்டு ஒக்காரு. தம்பி, நீ அவரு மடியில ஒக்காரு."

"அக்கா?"

"ஒக்காருப்பா! பாப்பா உன் மேல இருக்கட்டும். நீ அவரு மேல இரு. முடிஞ்சிது."

மாமனார் யோசித்தார். உயர்நீதிமன்றம்கூட இவ்வளவு யோசித்திருக்காது. "பாயி மேல ஒக்காந்தாலும் தரையில ஒக்காந்தான்னுதான சொல்றோம்? செல்லும்," என்று தீர்ப்புச் சொன்னார்.

உட்கார்ந்தேன். என் உடம்பை அந்த வயதிலும் யாரும் ஒல்லி என்று சொன்னதில்லை. கீழே முதல் கீப்பர், நடுவில் இரண்டாவது கீப்பர், மேலே பாப்பா. என் முதுகில் அண்ணனின் இதயம் திம் திம்மென்று இடித்தது. அவருடைய மூச்சு என் பிடரியில் சுட்டது. ஒரு காது ஆனது. அலறல். இன்னொரு காதுக்கு அவள் சம்மதிக்கவில்லை. மறுபடி பந்து சுற்றினேன். இரண்டாவது காதும் ஆனது. மூன்று பேருக்கும் சேர்த்து மாலை போட்டார்கள். மூன்று நெற்றிக்கும் குங்குமம். போட்டோக்காரர் "இன்னொன்னு, இன்னொன்னு" என்றார்.

"சீக்கிரம் முடிங்கய்யா," என்று கீழேயிருந்து ஒரு முனகல் வந்தது. "தொட செத்துப்போச்சு."

ரெஃப்ரியின் விசில் கேட்டது. பாப்பாவை அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். அண்ணன் எழவில்லை.

"எழுந்திரிங்கண்ணே. கூப்புடறாங்க."

"காலு எங்கடா?"

"இங்கதாண்ணே இருக்குது."

"எனக்குத் தெரியலயே!"

தூக்கிவிட்டோம். நின்றார். மறுகணம் முழங்கால் மடிந்து, நல்ல பருமனான வாழைத்தாரின் மேல் சாய்ந்தார். இரண்டு கால்களும் மரத்துப்போய், உடம்பின் மேல்பாதி மட்டும் ஆட்டத்துக்குத் தயாராக இருந்தது. மைதானத்தின் நடுவே ரெஃப்ரி "அலே! அலே!" என்று கத்த, எதிரணி கடிகாரத்தைக் காட்ட, மேனேஜர் ஓடி வந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, நான் சில வருடங்களாகக் காத்திருந்த வார்த்தையைச் சொன்னார்.

"போய்த் தொலை."

கழுத்தில் மாலை இருந்ததைக் கோல் வாயிலுக்குப் போனபிறகுதான் கவனித்தேன். கழற்றிக் கம்பத்தில் மாட்டினேன். பக்கம் மாறியதால் இப்போது எங்களுக்குப் பிள்ளையார் பக்கத்துக் கோல். வலைக்குப் பின்னால் பாய் விரித்துக் குடும்பமே உட்கார்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்னால் தொம் தொம்மென்று தரையை உதைக்கும் சத்தம். "வந்துட்டேன்! ரத்தம் வந்துடுச்சி! ரெஃப்ரி சார், நான் ரெடி!"

மாற்றினால் மாற்றியதுதான். எல்லோருக்கும் தெரிந்த விதி. ரெஃப்ரி கையை விரித்தார். அண்ணன் பாயில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வேணும்னே அழுத்தி ஒக்காந்தியாடா?"

"சத்தியமா இல்லண்ணே. பயத்துல கனத்துட்டேன்."

முதல் பந்து என் கையில் பட்டு, நழுவி, முழங்காலில் பட்டு, கம்பத்தில் பட்டு வெளியே போனது. "ரெண்டு கை இருக்கறது எதுக்குப்பா?" என்றது ஒரு குரல். "அவன் கொழந்த புடிக்கறதுல கெட்டி, பாலு புடிக்கறதுல இல்ல," என்றது மாமனாரின் குரல். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு குரல், கரகரவென்று, நிற்காமல்: "முன்ன வா! வாடா! இப்ப நில்லு! லெஃப்ட்ல ஒருத்தன் சும்மா நிக்கறான், ஆளப் போடச் சொல்லு! கத்துடா, வாயில இன்னா கொழுக்கட்டையா?"

கத்தினேன். அவர் சொன்னதை நான் சொன்னேன். நான் சொன்னதைத் தடுப்பாட்டக்காரர்கள் செய்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக என் முதுகில் இரண்டு கண்கள் முளைத்தன. பந்து பறந்து வரும்போதே அது எங்கே இறங்கும் என்று என் தோளுக்குத் தெரிந்தது. வெயில் ஏறியது, கடற்காற்று புல்லைச் சீவிக்கொண்டு போனது, பிரியாணி மணத்தது. ஒன்று, இன்னொன்று, மற்றொன்று என்று பந்துகள் வந்து என் கைக்குள் அடங்கின. இவ்வளவு காலம் இந்தக் கைகளை எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்கள் ஆள் ஒருவன் கோல் பெட்டிக்குள் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். பெனால்டி.

எல்லாம் நின்றுபோனது. வலைக்குப் பின்னால் மட்டும் சண்டை. "ரைட்ல அடிப்பான்!" "லெஃப்ட்லதாம்பா பாக்கறான்!" நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் எழுந்து வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் குங்குமம் வியர்வையோடு வழிந்திருந்தது. மெதுவாகச் சொன்னார்:

"நில்லு. எந்தப் பக்கமும் உழாத. நடுவுலயே நில்லு."

தம்பிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

பெனால்டியில் ஒரு பக்கம் பாய்ந்து கோல் வாங்கியவனை ஊர் மன்னித்துவிடும். பாவம், பாய்ந்தானே என்று சொல்லும். பாயாமல் விளக்குக் கம்பம் மாதிரி நின்று கோல் வாங்கியவனை நோணாங்குப்பம் படகுத்துறை வரைக்கும் துரத்திச் சிரிக்கும். அப்படிப்பட்ட யோசனையை இரண்டே பேர்தான் சொல்வார்கள். ஒன்று, நம்மை முழுதாக விரும்புகிறவன். இல்லையென்றால், அடுத்த வருடம் நம் இடம் தனக்கு வேண்டும் என்பவன்.

ஒரே இடம். அது அவருக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப்பார்த்தேன். பதில் பிடிக்கவில்லை. காய்ச்சலுக்கு வேண்டிக்கொண்ட ஆள் நான்.

அடிக்கப்போகிறவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான்.

அப்போது வார்த்தையை விட்டுவிட்டுக் குரலைக் கேட்டேன். பயிற்சியில் நான் கால் இடறும்போது, அவருக்கே தெரியாமல் அவர் வாயிலிருந்து "பாத்துடா" என்று ஒன்று வரும். அதே குரல்தான். யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் மனிதன் பொய் சொல்லலாம். பெனால்டி யோசிக்க நேரம் தராது, நிற்கிறவனுக்கும் சரி, பின்னால் பார்க்கிறவனுக்கும் சரி.

நின்றேன். உடம்பின் ஒவ்வொரு எலும்பும் ஏதாவது ஒரு பக்கம் ஓடிவிடலாம் என்று கெஞ்சியது. நின்றேன்.

அவன் ஓடி வந்து, நடுவில், நேராக, என் வயிற்றில் அடித்தான்.

மூச்சு போய்விட்டது. பாப்பாவைப் பிடித்தமாதிரி பந்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அடித்த வேகத்தில் உடம்பு பின்னால் சாய்ந்தது, பின்னால் கோடு, கோட்டுக்கு அப்பால் பந்தோடு போனால் அது கோல்.

"முன்னால உழுடா எருமமாடு!"

முன்னால் விழுந்தேன்.

அதற்குப் பிறகு விசில், கோப்பை, கூச்சல். பிரியாணியை இரண்டு அணிக்கும் போட்டார் அக்கா. ரெஃப்ரிக்கும் ஒரு தட்டு, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். மேனேஜர் எலும்பைக் கடித்தபடியே என்னிடம் வந்து, "அடுத்த வருஷம் நீ இரு," என்றார். அண்ணன் காதிலும் அது விழுந்தது. தட்டைக் கீழே வைக்கவில்லை. சாப்பிடுவது மட்டும் நின்றது. எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

தோற்ற அணியின் மேனேஜர் பக்கத்துப் பாயில் மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு நேராக அண்ணனிடம் வந்தார்.

"வலைக்குப் பின்னாடி ஒக்காந்து கத்துனது நீங்கதான? எங்க பசங்க ஆடாம ஒங்க சத்தத்தத்தான் கேட்டுகினு இருந்தானுங்க. அடுத்த வருஷம் எங்களுக்குக் கீப் பண்ணுங்க. பின்னாடி வேணாம். உள்ள நின்னே கத்துங்க."

அண்ணன் தலையாட்டிவிட்டு இன்னொரு தட்டுப் பிரியாணி கேட்டார். எனக்கும் சோறு இறங்கியது.

டாடா ஏஸில் சாமான்கள் ஏறின. காதில் தங்கக் கம்பியும், கன்னத்தில் காய்ந்த கண்ணீருமாகப் பாப்பா அண்ணனின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். சேறு கழுவிய மாமனை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வண்டி கிளம்பும்போது பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"அண்ணே, ஒரே எடந்தான்னு தெரிஞ்சும் ஏண்ணே எனக்குச் சொன்னீங்க?"

"எவனாவது பாலு எடுத்துகினு கோலுக்கு வந்தா இந்த வாயி சும்மா இருக்க மாட்டேங்குதுடா. நான் இன்னா பண்றது?"

"அவன் நடுவுலதான் அடிப்பான்னு எப்படித் தெரியும்?"

வண்டி வேகமெடுத்தது. குழந்தை விழித்துவிடாமல் இருக்க, ஒரு கையால் அவள் காதை மெல்ல மூடிக்கொண்டு அண்ணன் கத்தினார்:

"எனக்கு இன்னாடா தெரியும்? எந்தப் பக்கம் உழுந்தாலும் ஒனக்கு எட்டாது. நின்னாலாவது மேல படுமேன்னுதான் சொன்னேன்!"